துருத்தியும் படமாடமும்

நீர் சூழ்ந்த நிலத்தில் கூடாரம் அமைத்து, அங்குச் சின்னாள் தங்கிக் காலையும் மாலையும் இயற்கை எழில் கண்டு நடந்து மீளும் இன்பப் பயணம் இக்காலத்துப் பெருவழக்காகிவிட்டது. கட்டிலும் விளக்கும் விரிப்பும் குறைவற அமைந்த இக்கூடார வாழ்வை மேலைநாட்டார் ‘கிளாம்பிங்’ என்பர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய அச்சொல்லுக்குத் தமிழில் நேர்ச்சொல் தேடுவார் பலர். காப்பியங்களில் கூடாரத்திற்கு வழங்கிய ‘படமாடம்’ என்னும் சொல்லை அவர்கள் எண்ணிப் பார்த்திலர். படாம் என்பது துணி. துணியால் ஆகிய மாடம் படமாடம். இதனினும் பொருத்தமான சொல் வேறு கிடைத்தல் அரிது.

எனினும், ‘இவையெல்லாம் நம் முன்னோர் என்றோ கண்டவை’ என்று நிறுவுதல் நம் நோக்கமன்று. அத்தகைய முயற்சிகளால் ஆராய்ச்சி தளர்ந்ததே மிகுதி. ஆற்றின் நடுவிலும் கடலின் கரையிலும் இன்பம் நாடிச் சென்ற தமிழ் மக்கள் அங்கே எத்துணைப் பொழுது தங்கினர், எத்தகைய கூரையின்கீழ்த் தங்கினர், அந்நிலத்தில் எவ்வாறு அடியெடுத்து வைத்தனர் என்பனவே நாம் ஆராயப் புகும் வினாக்கள். இவற்றிற்கு விடை காண வையை, புகார், காவிரி ஆகிய இடங்களுக்குச் செல்வோம். பின்னர், ஈக்காட்டுத்தாங்கலை அணைந்து ஓடும் சென்னை அடையாற்றுக்கு வருவோம்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். ஆற்றின் நடுவே அமைந்த நிலத்தைத் துருத்தி என்றும், அரங்கம் என்றும், ஆற்றிடைக்குறை என்றும் தமிழர் வழங்கினர். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் முதலிரு சொற்களுக்கும் ஆற்றிடைக்குறை என்றே பொருள் தருகின்றது. ‘குறை’ என்பது ஈண்டுக் குறைபாடன்று. துண்டு என்னும் பொருளது. ஆறு தன் இரு கைகளால் அறுத்து நடுவே நிறுத்திய நிலத்துண்டே ஆற்றிடைக்குறை. துருத்தி என்பதனைத் துருத்துதல் என்னும் வினையோடு இயைத்து, நீர்ப்பரப்பினின்று மேலெழுந்து தோன்றுவது எனக் கொள்ளவும் இடமுண்டு. இவ்விரண்டும் நிலத்தினது இயல்பை நீரினது செயலால் உணர்த்தும் சொற்களாதல் காண்க. ஆறு அறுத்தால் உண்டு. ஆறு மூடினால் இல்லை.

திருமுருகாற்றுப்படை, முருகன் விரும்பி உறையும் இடங்களை அடுக்கிக் கூறுமிடத்துக் காட்டையும் சோலையையும் ஆற்றையும் குளத்தையும் சொல்வதோடு அழகிய துருத்தியையும் சேர்த்துரைக்கின்றது. சோணாட்டில் திருப்பூந்துருத்தி, திருத்துருத்தி என்னும் இரு பாடல்பெற்ற தலங்கள் உள்ளன. முன்னது திருவையாற்றை அடுத்துக் காவிரிக்கும் குடமுருட்டிக்கும் இடைப்பட்டது. பின்னது இன்று குத்தாலம் என வழங்குவது. இவ்வூர்ப் பெயர்கள், மக்கள் குடியேறுமுன்னர் அந்நிலங்கள் எவ்வாறு இருந்தன என்பதனை இன்றளவும் காத்து நிற்கின்றன. ஊர் மாறினும் பெயர் மாறாமை வரலாற்று மாணவர்க்கு வாய்த்த பெரும்பேறு.

இனி, துருத்தியில் மாந்தர் இன்பம் துய்த்தமைக்குத் தெளிவான சான்று சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் உள்ளது. மதுரையைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்ட கோவலனோடு நம்மையும் அழைத்துச் செல்லும் இளங்கோவடிகள், அந்நகரத்துச் செல்வரும் அவரோடு கூடிய மகளிரும் பொழுது போக்கிய முறைமையை விரித்துரைக்கின்றார். வையை நடுவே பூக்கள் விரிந்த துருத்தி. அதனைச் சூழ வெண்மணல் கரை. அங்குச் செல்வதற்கு நீர்மாடமும் நாவாயும். நீந்துவோர் தழுவிக்கொள்ளப் பூம்புணை. இவ்வாறு புனலாட்டு முடிந்தபின் பொழிலாட்டைக் கூறுகின்றார். பின்னர் மாலை வருகின்றது. மாலையில் அம்மகளிர் எங்கே உள்ளனர்? இளநிலாப் பொழியும் வீட்டு முற்றத்தில் உள்ளனர். துருத்தியில் இரவு கழித்ததாக அடிகள் கூறினாரல்லர். இஃது ஊன்றி நோக்கத்தக்கது. நீர்மாடமும் நாவாயும் உடைய செல்வர்க்குத் துருத்தியில் மாளிகை எடுத்தல் அரிதன்று. எனினும் அங்கே அவர் மாளிகை எடுத்ததாகவும் கூறப்படவில்லை.

பரிபாடலில் இன்று முழுமையாகக் கிடைக்கும் 22 பாடல்களுள் 8 பாடல்கள் வையையைப் பற்றியன. அவற்றிலும் மக்கள் புதுப்புனல் வரவு கேட்டு விரைந்து செல்கின்றனர், ஆடுகின்றனர், ஊடுகின்றனர், மீள்கின்றனர். ஆறு அங்கே விருந்தாக வருவது. மக்கள் அதனை எதிர்கொள்வோர். செவ்வேளைப் பாடிய நப்பண்ணனார் பாட்டில் (19) பாண்டியனும் மக்களும் திருப்பரங்குன்றத்துக்குச் சென்று மலையெங்கும் திரிந்து காண்கின்றனர். குரங்கிற்குத் தின்பண்டம் தருவாரும், யானைக்குக் கரும்பு கொடுப்பாரும், எழுதிய ஓவியங்களைக் காட்டி ‘இவன் யார், இவள் யார்’ என்று வினவுவாரும் விடைகூறுவாருமாக அப்பாட்டு நிரம்பியுள்ளது. விலங்கிற்குத் தீனி கொடாதீர் என்று இன்று வனத்துறையினர் பலகை எழுதி வைத்தும் கேளாத மக்கள், தம் வழக்கத்திற்கு இத்துணைப் பழமை உண்டென்று அறிந்தால் மகிழ்வர்போலும்!

கூடாரத்தைப் பற்றி நோக்கின், சங்க நூல்களுள் அதனை விரிவாகக் காட்டுவது முல்லைப்பாட்டு. காட்டாறு சூழ்ந்த முல்லை நிலத்தை வெட்டித் திருத்தி, முள்வேலி இட்டு, தழை வேய்ந்த கூரைகள் தெருத்தெருவாக நிற்கப் பாசறை அமைகின்றது. அதன் நடுவே நெடிய கோல்களை நட்டுத் திரைச்சீலைகளை வளைத்து அரசனுக்கு இருக்கை செய்கின்றனர். உள்ளே மணிவிளக்கு, வலிய கயிற்றில் தொங்கும் திரையால் இரண்டறையாகப் பகுத்த பள்ளி, காவலுக்கு யவனர், பொழுதறிய நாழிகை வட்டில். வசதி என்று நோக்கின் இற்றைநாள் படமாடத்திற்கு இதில் குறைவொன்றுமில்லை. ஆயின் அதனுள் இருப்பவன் உறக்கம் பெறாதவன். புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரரையும் நினைந்து அவன் விழித்திருக்கின்றான். தமிழ்க் கவிதையின் மிகச் சிறந்த கூடாரத்தில் இன்பம் இல்லை என்பது வியப்பே.

இன்பக் கூடாரம் புகார்க் கடற்கரையில் உள்ளது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையைக் கற்றோர் அதனை எளிதில் மறவார். அரசிளங்குமரரும் வணிகக் குமரரும் ஆடல் மகளிரும் பாடல் மகளிரும் கரையெங்கும் திரைகளை வளைத்து இடம்பிடித்துள்ளனர். அக்காட்சியைக் கரிகாலன் புதுப்புனல் விழாக்கொண்ட நாளுக்கு அடிகள் ஒப்பிடுகின்றார். ஆற்றுவிழாவே கடல்விழாவுக்கு முன்மாதிரி என்பது அவ்வொப்புமையால் புலனாகின்றது. தாழை வேலியிட்ட ஓரிடத்தில், புன்னை நிழலில், புதுமணற் பரப்பில் ஓவியம் எழுதிய எழினியைச் சுற்றி வளைத்து, மேலே விதானம் கட்டி, வெண்மையான தந்தக் கால்களையுடைய கட்டிலில் கோவலனும் மாதவியும் அமர்கின்றனர். எழினி, விதானம், அமளி என்னும் இம்மூன்றும் கூடிய இடத்தைப் படமாடம் என்பதில் தவறில்லை.

அவர்கள் அங்கு எவ்வாறு வந்தனர்? வைகறையில் கோவலன் கோவேறு கழுதையின்மீதும், மாதவி வண்டியிலும் வந்தனர். நடந்தாரல்லர். வந்தபின்னரும் மணலில் உலாவியதாக அடிகள் கூறவில்லை. யாழை வாங்கினர், பாடினர், ஒருவர் பாட்டில் மற்றவர் பொய்ப்பொருள் கண்டனர், மாலைக்குள் பிரிந்தனர். மணிவிளக்குகள் மலிந்த கரையைக் கண்ட கண்கள் ஒருவர் மனத்தை ஒருவர் காணவில்லை. எழினியை அவிழ்த்துச் சுருட்டிய பின் அம்மணலில் எஞ்சியது ஒன்றுமில்லை. ஒரு நாளிற்கு மேல் அங்கு நிற்பதற்கு அக்கூடாரம் கருதப்படவும் இல்லை.

இவ்விடத்துப் பட்டினப்பாலையையும் நினைத்தல் வேண்டும். காவிரி கடலொடு கலக்கும் அப்புகார் முகத்தில் மக்கள் கடலிலும் ஆடி ஆற்றிலும் படிந்து, நண்டுகளை ஓடவிட்டு விளையாடி, அலையை உழக்கி, மணற்பாவை செய்து பகலெல்லாம் களித்தமையை உருத்திரங்கண்ணனார் பாடுகின்றார். அலவனாட்டல் என்று பெயர்பெற்ற அந்நண்டு விளையாட்டு நெய்தல் நிலத்துப் பாடல்களில் பலகாலும் வருவது. அந்நண்டு, நாம் இனிக் காணப்போகும் பகுதியில் வேறொரு முகத்தோடு வருகின்றது.

மாதவியோடு வண்டியில் சென்ற அதே கோவலன், பொருளெல்லாம் இழந்தபின் கண்ணகியோடு கால்நடையாகப் புறப்படுகின்றான். படமாடம் இருந்த இடத்தில் நடையில்லை. நடை தொடங்கும்போது படமாடம் இல்லை. நாடுகாண் காதை என்னும் பெயரே அந்நடையின் இயல்பை உணர்த்தும். புகாரினின்று காவிரியின் வடகரை வழியே மேற்கு நோக்கிச் செல்லும் அவர்களோடு கவுந்தியடிகள் சேர்கின்றார். எவ்வழியே செல்லலாம் என்னும் வினா எழுகின்றது. அப்போது கவுந்தி கூறும் அறிவுரை, இயற்கை நிலத்தில் நடப்பார்க்கென்று தமிழில் எழுந்த வழிகாட்டிகளுள் தலையாயது என்பது எம் கருத்து. உரையாசிரியர்கள் அதனைச் சமண அறத்தின் விளக்கமாகக் கண்டனர், அது சரியே. அதனோடு, நிலத்தை அடியளவில் அறிந்த ஒருவரின் பேச்சாகவும் அதனைப் படித்தல் வேண்டும்.

வெயில் பொறாத இப்பெண்ணை அழைத்துக்கொண்டு சோலை வழியே செல்வோமெனின், கிழங்கு அகழ்ந்த குழிகளைச் செண்பகப் பூக்கள் உதிர்ந்து மூடியிருக்கும். போற்றாது கால்வைப்பவர் அவற்றில் வீழ்வர். உதிர்ந்த பூவின்மேல் மிதியாமல் ஒதுங்கிச் செல்வோமெனின், தாழத் தொங்கும் முதிர்ந்த பழங்கள் தலையில் முட்டும். மஞ்சளும் இஞ்சியும் பின்னிக் கிடக்கும் பாத்திகளில் பலாவின் விதைகள் பரற்கல்லைப் போல உள்ளங்காலை உறுத்தும். சரி, வயல் வழியே செல்வோமெனின், நீர்நாய் கவ்விய வாளைமீன் திடீரெனத் துள்ளிப் பாயும். அது கண்டு இவள் கலங்குவாள். கரும்பில் கட்டிய தேனடை சிதைந்து பொய்கை நீரில் கலந்திருக்கும். வேட்கை மிகுதியால் அந்நீரை அறியாது கையால் முகந்து பருகவும் கூடும். களை பறிப்போர் வரப்பில் எறிந்த குவளை மலரில் வண்டுகள் ஒடுங்கிக் கிடக்கும். நடந்த வருத்தத்தில் அவற்றின்மீது அடிவைத்து விடுதலும் கூடும். நீர்க்கரை வழியே செல்வோமெனின், நண்டும் நத்தையும் காலடியில் படும். அவை நோவக் காணின் அத்துன்பம் தாங்கவொண்ணாதது. வயலும் சோலையும் அன்றி வேறு வழியும் இல்லை. ஆதலின் குறிப்பறிந்து காத்து நட என்கின்றார்.

இவ்வறிவுரை வழிநடையின் இடையூறுகளைச் சொல்வதுபோலத் தொடங்கி, நடப்பவரால் பிறவுயிர்க்கு நேரும் இடையூறுகளைச் சொல்லி முடிகின்றமை கருதத்தக்கது. குழியும் பழமும் விதையும் மனிதரை வருத்துவன. வண்டும் நண்டும் நத்தையும் மனிதரால் வருந்துவன. புகார் மணலில் மக்கள் ஓட்டி விளையாடிய அதே நண்டு, கவுந்தியின் வாயில் அஞ்சிக் காக்கப்படும் உயிராகின்றது. நெய்தல் மரபும் சமண மரபும் எதிரெதிரே நிற்கும் இடம் இது. இவற்றுள் ஒன்றே தமிழ்மரபு, மற்றொன்று வந்தேறியது என்று கூறுவாரும் உளர். அவர் கூற்று எமக்கு உடன்பாடன்று. நண்டு வளையையும் வாளை துள்ளும் வயலையும் இத்துணை நுட்பமாக அறிந்த புலவர், வேற்றுநிலத்துக் கொள்கையை ஏட்டில் கண்டு எழுதினாரல்லர். தம் நாட்டுக் கரையில் நடந்தே அதனைப் பொருத்தினார்.

இனி நடையின் அளவு. நாளொன்றுக்கு ஒரு காவதத்திற்கு மேல் நடவாதவராய்ப் பன்னாள் தங்கித் தங்கிச் சென்றனர் என அடிகள் கூறுகின்றார். அவ்வாறு சென்றடைந்த இடங்களுள் ஒன்று ஆற்றின் நடுவே அமைந்த அரங்கம். வளைந்த மூங்கில் வேலி சூழ்ந்து மரங்கள் செறிந்த அச்சோலையில் ஒரு கற்பாறை. அதன்மேல் சாரணர் தோன்றி அறங்கூறுகின்றனர். இங்கு மாளிகையோ கூடாரமோ கூறப்படவில்லை. கேட்கவேண்டியதனைக் கேட்டபின் மூவரும் நீரணிமாடம் என்னும் அறையமைந்த ஓடத்தில் ஏறித் தென்கரை சேர்கின்றனர். இன்பம் நாடிய மதுரைச் செல்வரைப் போலவே அறம் நாடிய இவர்களும் துருத்தியில் தங்காது கடந்தனர்.

அடுத்த காதையில் மாங்காட்டு மறையவன், திருமால் பள்ளிகொண்ட காவிரித் துருத்தியைக் காணவந்ததாகக் கூறுகின்றான். இன்று நாம் திருவரங்கம் என வழங்கும் தலம் அது. ஆகவே, ‘துருத்தியில் எவரும் நிலையாகத் தங்கவில்லை’ என்று நாம் கூறின், திருவரங்கமே அதனை மறுக்கும் சான்றாக வந்து நிற்கும். ஏழு திருச்சுற்றும் பெருநகரும் ஆற்றின் நடுவே எழுந்துள்ளன அல்லவா? உண்மையே. ஆயின் அந்நகரம் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே நிலைத்தது, தலைமுறை தலைமுறையாகக் கரைகட்டிக் காத்த உழைப்பினால். ஆர்தர் காட்டன் காலத்தில், 1836-இல், முக்கொம்பில் மேலணை எழுந்தது. கொள்ளிடம் மிகுதியான நீரை இழுத்துக்கொள்ளக் காவிரி தூர்ந்துவரும் நிலையை மாற்றுவதற்காகவே அது கட்டப்பட்டது. இரு ஆறுகளின் பங்கீட்டை மனிதர் கையில் எடுத்த பின்னரே துருத்தி உறுதியான நிலமாகின்றது. விலை கொடாமல் பெற்ற உறுதியன்று அது.

அவ்விலையைக் கொடுக்க இயலாத இடங்கள் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் உள்ளன. நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளமணல் என்னும் ஊர்ப் பெயர்களைக் காண்க. படுகை, திட்டு, மணல் எனப் பெயர்களே ஆற்றின் மொழியில் அமைந்துள்ளன. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மேட்டூரினின்று வந்த பெருவெள்ளம் கொள்ளிடத்தில் பாய்ந்தபோது அவ்வூர்களில் நீர் புகுந்தது, மக்கள் கரையேறினர். பயிரும் மாடும் உடைய உழவர்க்கு அஃது இன்பப் பயணமன்று. துருத்தி, திட்டு என்னும் சொற்களை இலக்கியத்தில் மட்டும் படித்து மகிழ்வார், இவ்வூர்களின் நினைவோடு படிப்பது நன்று.

கடற்றீவைப் பற்றியும் ஒருசொல். மணிமேகலையில், உறக்கத்தில் எடுத்துச் செல்லப்பட்டு மணிபல்லவத்தில் விழித்தெழும் மணிமேகலை, தன்னந்தனியாய் அத்தீவைச் சுற்றி நடக்கின்றாள். புகாரினின்று முப்பது யோசனைத் தொலைவில் தெற்கே உள்ளதாகச் சாத்தனார் கூறும் அத்தீவினை, யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவு என்பர் சிலர். மணலும் சோலையும் பொய்கையும் கண்டு நடப்பவளுக்கு முதலில் அச்சமும் அழுகையும். நடையின் முடிவில் புத்த பீடிகையும் பழம்பிறப்புணர்ச்சியும். தமிழ்க் காப்பியத்தில் தீவொன்றைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்த முதற்பெண் இவளே எனலாம். அவளும் அங்குத் தங்கவில்லை. அமுதசுரபியைப் பெற்று மீண்டுவிடுகின்றாள்.

இனிச் சென்னைக்கு வருவோம். ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நீளமுடைய அடையாறு, மேற்கேயுள்ள ஏரிகளின் கடைநீரையும் செம்பரம்பாக்கம் ஏரியின் மிகைநீரையும் பெற்று, நந்தம்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியே சென்று கடலொடு கலக்கின்றது. ஈக்காடு என்னும் பெயர் தொண்டை மண்டலத்து 24 கோட்டங்களுள் ஒன்றான ஈக்காட்டுக் கோட்டத்திலும் காணப்படுவது. அவ்வொப்புமையை இங்கு ஆராயப் புகின் பொருள் விரியும். நமக்கு வேண்டுவது ‘தாங்கல்’ என்னும் பின்சொல். தாங்கல் என்பது மழைநீரைத் தாங்கி நிறுத்தும் சிற்றேரி. பழவந்தாங்கலும் வேடந்தாங்கலும் இவ்வினத்துப் பெயர்களே. துருத்தி என்பது நீர் நடுவே நிற்கும் நிலமாயின், தாங்கல் என்பது நிலம் நடுவே நிற்கும் நீர். இரண்டும் ஒன்றற்கொன்று எதிரான வடிவங்கள்; மழைக்காலத்தில் ஒன்று மற்றொன்றாக மாறவும் கூடும்.

அடையாற்றங்கரையில் உலாவிய மரபு அண்மைக் காலத்தும் உண்டு. ஆர்மீனிய வணிகரான கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726-இல் சைதாப்பேட்டையில் பாலம் அமைத்தார். பரங்கிமலைக்கு ஏறும் படிகளையும் அவரே அமைத்தார். நடந்து சென்று மலைவழிபாடு செய்வார்க்கு ஆற்றைக் கடக்கவும் குன்றேறவும் ஒருவரே வழிசெய்த அருஞ்செயல் அது. அப்பாலம் இருந்த இடத்தில் 1966-இல் மறைமலையடிகள் பாலம் எழுந்தது. ஆற்றின் கழிமுகத்தில் பிரம்மஞான சபையார் 1882-இல் தம் தலைமையகத்தை அமைத்தனர். அவர்தம் தோட்டத்துப் பேராலமரத்தைக் காண்பதற்கென்றே வந்து நடந்தோர் பலர். அதன் நடு அடிமரம் 1989-இல் புயற்காற்றில் சாய்ந்தது; விழுதுகள் நிற்கின்றன.

அக்கழிமுகத்தின் வடபால், ஓடையின் கைகள் வளைத்த நிலம் ஒன்று குயிபிள் தீவு என வழங்கப்படுகின்றது. அதனை ஆற்றிடைக்குறை என்று கூறத் தடையில்லை. அங்குள்ள கிறித்தவக் கல்லறைத் தோட்டத்தால் அப்பெயர் நகரமக்களுக்கு அறிமுகமானது. இன்று அவ்வழியே செல்வார்க்குத் தாம் ஒரு தீவில் கால்வைத்துள்ளோம் என்னும் உணர்வு தோன்றுவதில்லை. சாலையும் வீடும் நிறைந்து, நீர்வழிகள் ஒடுங்கிய பின் தீவென்னும் சொல் மட்டும் முகவரியில் நிற்கின்றது. கூவத்தின் நடுவே உள்ள தீவுத்திடலும் இத்தகையதே. எனினும் அங்கு ஒரு வேறுபாடு உண்டு. பொருட்காட்சிக்கும் சர்க்கஸுக்கும் கொட்டகை போட்டுப் பின் பிரித்துக்கொண்டு போகும் வழக்கம் அத்திடலில் இருந்துவந்துள்ளது. படமாடத்தின் பழைய முறை நகரின் நடுவே, எவரும் கருதாமலே, தொடர்ந்தது.

அடையாற்று ஓடையை அடுத்துச் சீர்செய்த 58 ஏக்கர் நிலம் தொல்காப்பியப் பூங்கா என்னும் பெயரோடு 2011-இல் திறக்கப்பட்டது. திணைக்குரிய மரமும் புள்ளும் நீரும் கூடிய கருப்பொருள் கொள்கையை வகுத்த நூலின் பெயரை ஓர் ஈரநிலத்திற்கு இட்டது பொருத்தமே. ஆங்கு மாணவர்க்கென நடத்தப்பெற்ற கல்வி நடைகளில், பாதையை விட்டு விலகாமல் நடத்தலும் உயிரினங்களைக் கலைக்காமல் காணலும் கற்பிக்கப்பட்டன. கவுந்தியின் அறிவுரையை அறிந்தோ அறியாமலோ அது மீண்டும் சொல்லப்பட்டது என்று கொள்வதில் எமக்குத் தயக்கமில்லை. இத்தகைய நடைகளின்போது நாடுகாண் காதையின் அப்பகுதியையும் மாணவர்க்குச் சொல்லுதல் தமிழாசிரியர் கடனாகும்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாளில், செம்பரம்பாக்கம் ஏரியினின்று நொடிக்கு 29,000 கன அடி அளவு வரை நீர் வெளியேற்றப்பட்டது. ஏரிக்குக் கீழே பிற ஓடைகளின் வெள்ளமும் சேர, அன்றிரவும் மறுநாளும் அடையாறு கரைகடந்து ஈக்காட்டுத்தாங்கலிலும் சாபர்கான்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் புகுந்தது. மாடிகளில் ஏறிய மக்கள் நாற்புறமும் நீரைக் கண்டனர். வீடுகள் துருத்திகளாயின. ஓடம் வந்து ஏற்றிச் செல்லும் வரையில் காத்திருந்தனர். மீனவர்தம் படகுகள் தெருக்களில் வந்தன. தாங்கல் என்று முன்னோர் பெயரிட்டு நீருக்கென விட்ட நிலங்களும் ஆற்றின் படுகைகளும் நிலையான கட்டடங்களால் நிறைந்தமை, அவ்வெள்ளத்தின் கொடுமை மிக்கதற்கான காரணங்களுள் ஒன்று என்பதனை மறுப்பாரில்லை. மழையின் அளவும் நீர்திறந்த முறையும் பற்றிய வழக்குரைகள் வேறு; அவை வரலாற்று மாணவரின் எல்லைக்கு உட்பட்டன அல்ல.

இலக்கியச் சான்றுகளை இவ்வாறு ஒருங்கு வைத்து நோக்கும்போது, பழந்தமிழர் துருத்தியை வெறுத்தாரல்லர், அஞ்சினாரும் அல்லர், பெரிதும் விரும்பினர். விரும்பியதனாலேயே பகலில் சென்று மாலையில் மீண்டனர்; துணியும் தழையும் கொண்டு கூரை செய்தனர்; ஓடத்தைக் கரையில் நிறுத்தி வைத்தனர். இன்று ஆற்றிடைக்குறைகளிலும் உப்பங்கழித் திட்டுகளிலும் படமாடம் என்னும் பெயரால் எழுப்பப்படும் தங்குமிடங்களுட் சில, காரைத்தளமும் கழிவுநீர்க் குழாயும் மின்கம்பமும் ஊன்றி நிற்கின்றன. மேலே துணி இருப்பதனால் மட்டும் ஒன்று கூடாரமாகிவிடாது. கோலைப் பிடுங்கித் துணியைச் சுருட்டினால் மறுநாள் மணல் மட்டும் எஞ்சுமா என்பதே கடலாடு காதை நமக்குத் தரும் அளவுகோல்.

இவ்வாராய்ச்சியில் செய்யவேண்டியன மிகப்பல. துருத்தி, அரங்கம், திட்டு, படுகை, குறை என்னும் ஈறுகளையுடைய ஊர்ப் பெயர்களைக் காவிரி, கொள்ளிடம், வையை, பொருநை, பாலாறு ஆகிய ஆறுகளின் கரைகளில் தொகுத்து, வெள்ளக் கணக்குகளோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். கல்வெட்டுகளில் வரும் நில எல்லைகளில் ஆற்றிடை நிலங்கள் எவ்வாறு குறிக்கப்பட்டன, அவற்றிற்கு இறை விதிக்கப்பட்டதா என்பதும் ஆராயத்தக்கது. அடையாற்றின் இருகரையிலும் தாங்கல் என முடியும் பெயர்களைப் பழைய நிலவரிப் பதிவேடுகளினின்று திரட்டுதல் முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டில் முடிக்கக்கூடிய பணி. சில தாங்கல்களின் பெயர் இப்போது பேருந்து நிறுத்தங்களில் மட்டுமே எஞ்சியுள்ளது. ஈக்காட்டுத்தாங்கலின் பெயர் 2015-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் திறக்கப்பட்ட மெட்ரோ இரயில் நிலையத்தின் பலகையிலும் ஏறியுள்ளது. வெள்ளம் வந்தது அதற்கு ஐந்து திங்கள் கழித்து.